பலகையில் 80, ஓடுவது 100: நாற்கரச் சாலையில் உண்மையான வேகம் எவ்வளவு?

பச்சைப்பலகை (கேள்வி)

சென்னை–திருச்சி நாற்கரச் சாலையில் பல இடங்களில் 80 பலகைதான். மீட்டரில் 80 வைத்துப் போனால் கார்கள் வரிசையாகத் தாண்டிப் போகின்றன, ஆம்னி பஸ் பின்னால் வந்து டிம் அடிக்கிறது. மீட்டர் 100 காட்டும்போது போனில் ஜிபிஎஸ் 94, 95 என்கிறது. எதை நம்புவது? காருக்கு 100 வரை சட்டமே அனுமதிக்கிறது என்கிறார்கள், அப்புறம் 80 பலகை எதற்கு? கூட்டத்தோடு கூட்டமாகப் போவது பாதுகாப்பா, பலகைப்படி போவதா?

கியர்பெட்டி

ஜிபிஎஸ்ஸை நம்புங்க சார். ஆனால் நேர்ச்சாலையில், ஒரே வேகத்தில் போகும்போது மட்டும். வேகம் ஏறும்போதும் இறங்கும்போதும் அது ஓரிரு விநாடி பின்தங்கும்.

மீட்டர் கூட்டிக் காட்டுவது பழுது இல்லை. ஐ.நா. வாகன விதி 39-இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு 4 கி.மீ. வரை. அதாவது நிஜத்தில் 100 போகும்போது 114 காட்டினாலும் விதிக்குள்தான். உங்கள் கார் 5, 6 கூட்டுவது சாதாரணம்.

டயரும் சேர்ந்து விளையாடும். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ. புது டயரில் 8 மி.மீ. இருக்கும் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் மேடு) தேய்ந்து 2 மி.மீ. ஆனால் விட்டம் 12 மி.மீ. குறையும், மீட்டர் இன்னும் 2 சதவீதம் கூட்டும். மாறாக அழகுக்காக 195/65 போட்டால் விட்டம் 634 ஆகிவிடும். மீட்டர் கூட்டிக்காட்டியதில் 2 சதவீதம் கரைந்துபோகும். அதற்கும் பெரிய சைஸ் போட்டவர்கள்தான் "மீட்டர்ல 80தானே இருந்துச்சு" என்று சலானோடு நிற்பார்கள்.

சோதிக்க ஜிபிஎஸ்கூட வேண்டாம், கிலோமீட்டர் கல் போதும். பக்கத்தில் இருப்பவர் போனில் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். ஓட்டுபவர் தொட வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்கு 45 விநாடி என்றால் 80, 40 என்றால் 90, 36 என்றால் 100, 30 என்றால் 120. ஒரு கல்லை மட்டும் நம்பாமல் ஐந்து கல் எண்ணிச் சராசரி எடுங்கள். பாலம் வேலை நடந்த இடங்களில் கல் இடம் மாறி நிற்பதுண்டு.

விதிமுறை_வெங்காயம்

சட்டக் கேள்விக்கு வருகிறேன். 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் கார்களுக்கு விரைவுச்சாலையில் 120, நடுவில் மீடியன் உள்ள நாற்கரச் சாலையில் 100. அதே நாற்கரச் சாலையில் பஸ்ஸுக்கு 90, லாரிக்கும் பைக்குக்கும் 80. உங்கள் நண்பர்கள் சொல்லும் 100 இதுதான்.

ஆனால் அது உச்சவரம்பு மட்டுமே. மோட்டார் வாகனச் சட்டம் 112-ஆம் பிரிவு, குறிப்பிட்ட சாலையிலோ பகுதியிலோ அதைவிடக் குறைத்துப் பலகை வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. பலகை நட்டிருந்தால் பலகைதான் சட்டம். போதாததற்கு 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று அந்த 2018 அறிவிக்கையையே ரத்து செய்து தீர்ப்பு சொன்னது. ஆகவே "எனக்கு 100 உரிமை" என்று ரோட்டில் நின்று வாதாடுவது வீண்.

183-ஆம் பிரிவில் காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 வரை. நடுத்தர, கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000 வரை. அதே பிரிவில் ஓட்டுநருக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: "வேகமாகப் போனதாகத் தோன்றியது" என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, கருவி அளவு வேண்டும்.

அந்தக் கருவி, அதாவது கதிர் வீசி வேகம் அளக்கும் ஸ்பீடு கன் பற்றியும் ஒரு மூடநம்பிக்கை ஓடுகிறது, ஓரமாக நின்று சாய்வாகப் பிடித்தால் கூட்டிக் காட்டுமாம். தலைகீழ். வண்டி போகும் திசைக்கும் கதிருக்கும் கோணம் விழுந்தால் வேகம் குறைந்துதான் பதியும். 10 டிகிரியில் 100 என்பது 98.5, 20 டிகிரியில் 94.

செவலைமாடு

ஆக எல்லோரும் சட்டத்தை மீறுகிறார்கள், ஒருவர் மட்டும் 80-இல் போய் இடைஞ்சலாக இருப்பானேன்? அந்த ரோட்டை 100-க்குத்தானே வடிவமைத்திருக்கிறார்கள்?

கியர்பெட்டி

வடிவமைப்பு வேகம் 100 என்பது சரி. சமவெளியில் தேசிய நெடுஞ்சாலைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வைத்திருக்கும் அளவு அது. ஆனால் அது வளைவு, பார்வைத் தூரம் பற்றியது. மீடியன் இடைவெளியில் திரும்பும் டிராக்டரையும் எதிர்த்திசையில் வரும் டிவிஎஸ் 50-ஐயும் அந்தக் கணக்கு அறியாது. ரோடு கூப்பிடுகிறது, ஊர் தடுக்கிறது. ஜனங்கள் ரோட்டின் பேச்சைக் கேட்கிறார்கள். பலகையை யாரும் மதிக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

உண்மையான ஆபத்து வேக வித்தியாசத்தில். பாரம் ஏற்றிய லாரி 55-இல் வலது லேனைப் பிடித்துப் போகிறது, நீங்கள் 110. வித்தியாசம் நொடிக்கு 15 மீட்டர். 100 மீட்டர் இடைவெளி ஆறரை நொடியில் காலி.

பிரேக் கணக்கும் பாருங்கள். உலர்ந்த சாலை, நல்ல டயர், சுதாரிக்க ஒன்றரை நொடி. 80-இல் வண்டி நிற்க மொத்தம் சுமார் 69 மீட்டர், 100-இல் 97, 120-இல் 129. 80-இல் வந்த கார் முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை, 100-இல் வந்த கார் கடக்கும்போது இன்னும் 70-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். இருபது கூட்டினோம், எழுபதில் மோதுகிறோம். மழையென்றால் சொல்லவே வேண்டாம்.

80-இல் போவது இடைஞ்சல் இல்லை செவலைமாடு, 80-இல் வலது லேனில் போவதுதான் இடைஞ்சல். இடது லேனில் போங்கள், லாரியைத் தாண்ட மட்டும் வலதுக்கு வந்து, தாண்டியதும் இறங்குங்கள். மஞ்சள் போர்டு டாக்சிகளுக்கு 80-இல் வேகக்கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதால் தாண்ட முடியாமல் பக்கத்திலேயே நெடுநேரம் ஓடும். அவர்களிடம் ஹார்ன் அடித்துப் பயனில்லை, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஏறாது.

பச்சைப்பலகை

நேரம் எவ்வளவு மிச்சமாகும் என்றும் சொல்லுங்கள்.

விதிமுறை_வெங்காயம்

பரனூர் டோலிலிருந்து சமயபுரம் டோல் வரை தோராயமாக 250 கி.மீ. என்று வையுங்கள். ஒரே சீராக 80 என்றால் 3 மணி 8 நிமிடம், 100 என்றால் இரண்டரை மணி. காகிதத்தில் 38 நிமிடம் லாபம். ஆனால் டோல் வரிசை, பாலம் வேலை, ஊர் சந்திப்பு எல்லாம் போக 150 கி.மீ.தான் தடையில்லாமல் கிடைத்தது என்றால் லாபம் 22 நிமிடமாகச் சுருங்கும். ஒரு டீக்கடை நிறுத்தம்.

உங்கள் சராசரியை நீங்களே பார்க்கலாம். பாஸ்டேக் கணக்கு அறிக்கையில் ஒவ்வொரு டோலையும் கடந்த நேரம் இருக்கும். எஸ்எம்எஸ் வந்த நேரத்தை எடுக்காதீர்கள், அது சில சமயம் வெகு தாமதமாக வரும்.

கியர்பெட்டி

இரவில் ஓட்டுவதாக இருந்தால் மேலே சொன்ன 69 மீட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஹெட்லைட் டிம்மில் கருப்பு உடை போட்டு நடப்பவரோ, பின்விளக்கு இல்லாமல் ஓரம் கட்டிய லாரியோ அந்தத் தூரத்துக்கு முன்னால் தெரிவது சந்தேகம். எதிர்த் தடத்தில் வண்டி வராத இடத்தில் பிரைட், டிம் போட வேண்டிய மற்ற இடங்களில் வேகம் 70. பலகை 80 சொன்னாலும்.