‘சஸ்டைனபிலிட்டி ஸ்கோர்’: முதலீட்டுக் குறியீட்டெண் பாடத்துக்குத் தமிழ்ச்சொல் தேவை

காட்பாடியிலிருந்து, வணிகவியல் ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்கான பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2022-23 முதல் முன்னணி 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கிய பொறுப்புடைமை அறிக்கை, செய்திகள் ஆகியவற்றிலிருந்து தரவு திரட்டி, சூழல், சமூகம், ஆளுகை என்று பகுத்து, தொழிலுக்கேற்ற எடை கொடுத்துக் கூட்டிவரும் எண்ணே ‘சஸ்டைனபிலிட்டி ஸ்கோர்’. பங்குக் குறியீட்டெண்ணில் எந்த நிறுவனத்தைச் சேர்ப்பது, எவ்வளவு இடம் தருவது என்பதற்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். ‘நிலைத்தன்மை மதிப்பெண்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

ராணிப்பேட்டையிலிருந்து, தணிக்கையாளர்:

அம்மா, ‘மதிப்பெண்’ என்றால் கூடக்கூட நல்லது என்றே மாணவர்கள் கொள்வார்கள். இத்தகைய எண்களை வெளியிடும் சஸ்டைனலிட்டிக்ஸ் நிறுவனத்தின் கணக்கில் 10க்குக் கீழே இருப்பதே சிறப்பு. 40ஐத் தாண்டினால் கடும் இடர். ஆகவே ‘மதிப்பீட்டெண்’ என்பதே பிழையற்றது.

எனக்கு அதைவிடப் பெரிய தடை ‘நிலைத்தன்மை’. எது நிலைப்பது? வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், 1996இல், தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட பாலாற்றுப் பகுதியை முன்வைத்து உச்ச நீதிமன்றம் வளங்குன்றா வளர்ச்சியை (‘சஸ்டைனபிள் டெவலப்மென்ட்’) பேசியது; மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. அங்கே குன்றக்கூடாதவை நீரும் நிலமும். மற்றொரு தரமிடும் நிறுவனமான எம்.எஸ்.சி.ஐ. தரும் ஏ.ஏ.ஏ. முதல் சி.சி.சி. வரையான தரமோ, இத்தகைய இடர்களால் நிறுவனத்தின் நிதிநிலைக்கு என்ன நேரும் என்பதையே முதன்மையாகப் பார்க்கிறது. அதையும் அதே தொழிலிலுள்ள பிற நிறுவனங்களோடு ஒப்பிட்டே சொல்கிறது. பாலாற்றங்கரையில் வாழும் நாம் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கலாகாது.

ஆம்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வளங்குன்றா வளர்ச்சியை இலங்கைத் தமிழர் ‘பேண்தகு அபிவிருத்தி’ என்று வழங்குகிறார்கள். ‘பேண்தகைமை’ என்று கொண்டால், பேணத் தக்கது எது என்னும் தணிக்கையாளரின் கேள்வி சொல்லுக்குள்ளேயே நிற்கும்.

ஒப்பீட்டுக் குறியீட்டெண்ணுக்கும் (‘பெஞ்ச்மார்க்’) ‘கட்டளைக் குறியீடு’ என்பதை முன்மொழிகிறேன். 505ஆம் குறளின் ‘கட்டளைக் கல்’ பொன்னின் மாற்றறியும் உரைகல். இன்று ஏவல் என்னும் பொருளை மட்டுமே நினைக்கிறோம். யாப்பிலோ கட்டளை என்பது அளவு. கட்டளைக் கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீங்கலாக 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17; கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பருவநிலை குறித்த பாரிஸ் ஒப்பந்தத்துக்கு இசைந்த குறியீட்டெண்ணுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்ததும் அத்தகைய கட்டளைதான்: அதன் கரிமச் செறிவு, முதலீட்டுக்குரிய மொத்தத் தொகுப்பைவிட 50 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும், பின்னர் ஆண்டுக்குச் சராசரியாக 7 விழுக்காடாவது குறைந்துவர வேண்டும்.

வேலூரிலிருந்து, புள்ளியியல் ஆசிரியர்:

நான் ‘எண்’ என்பதையே எதிர்க்கிறேன். தரமிடும் நிறுவனங்கள் ஆறினை ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வு, அவற்றின் தரங்களுக்கிடையே ஒட்டுறவு (முழுதும் ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.54 மட்டுமே எனக் கண்டது. வேறுபாட்டில் 56 விழுக்காடு, ஒரே பண்பை வெவ்வேறு விதமாக அளந்ததால் வந்தது. எடை வேறுபாட்டால் வந்தது 6 விழுக்காடே. தொழிலாளர் நலனை ஒருவர் வழக்குகளின் எண்ணிக்கையால் அளக்க, இன்னொருவர் வேலையைவிட்டுச் செல்வோரின் விகிதத்தால் அளந்தால் விடை எப்படி ஒன்றாகும்? ‘கணிப்பு’ என்றால் இது ஒருவரின் கருத்து என்பதாவது விளங்கும்.

காட்பாடியிலிருந்து:

ஐயா, கலித்துறைச் சான்றை மிகவும் விரும்பினேன். ஆயினும் சந்தைப் பாடத்தில் ‘கட்டளை’ என்றால் தரகருக்கு இடும் ஆணையையே மாணவர்கள் நினைப்பார்கள். ‘கணிப்பு’ வருங்காலம் உரைப்பதாகத் தோன்றுகிறது. ஆகவே தணிக்கையாளர் சொன்ன ‘மதிப்பீட்டெண்’ணை ஏற்று, ‘நிறுவன நிலைத்தன்மை மதிப்பீட்டெண்’ என அச்சிடுகிறேன். ஆற்றுக்கும் நிலத்துக்கும் ‘வளங்குன்றாமை’யைத் தனியே வைத்துக்கொள்கிறேன். 0.54 கணக்கைப் பாடத்திலேயே சேர்க்கிறேன்.

ஆம்பூரிலிருந்து:

நான் உடன்படவில்லை. வங்கிப் பாடத்தில் ‘நிதி நிலைத்தன்மை’ முற்றிலும் வேறு பொருளில் வருகிறது. ஒரே மாணவர் இரண்டையும் படிக்கப்போகிறார். அடுத்த பதிப்புக்கு முன் ‘பேண்தகைமை’யை மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.