புதுப்பிப்பு: வால்வு பாடி வார்ப்பில் வந்த குழி

ஓசூரில் நாங்கள் வார்க்கும் கார்பன் ஸ்டீல் வால்வு பாடியில், ஃபிளேஞ்சும் (குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) உடலும் சேரும் இடத்தில் குழி வருகிறது என்று போன பதிவில் கேட்டிருந்தேன். அச்சு மணலில் ஈரம் இருந்து வாயுக் குழி விழுகிறது என்று பலரும் சொன்னீர்கள். அது இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்சுவர் சொரசொரவென்று, மரக்கிளை போலப் படிகம் கிளைத்திருந்தது. வாயுக் குழி என்றால் வழவழவென்று இருக்கும். இது சுருக்கம்தான்.

ஸ்டீல் உறையும்போது கன அளவில் சுமார் 3 சதவீதம் சுருங்கும். கிரே அயர்னில் (சாம்பல் வார்ப்பிரும்பு) உள்ளே பிரியும் கிராஃபைட் விரிந்து அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். ஸ்டீலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ரைசர்தான், அதாவது வார்ப்போடு ஒட்டி வைக்கும் உருகிய உலோகச் சேமிப்புதான், உலோகம் கொடுக்க வேண்டும். எங்கள் ரைசரோ ஒல்லி, வார்ப்புக்கு முன்னால் அதுவே உறைந்துவிட்டது. கன அளவைப் பரப்பால் வகுத்து வரும் மாடுலஸ் (இது கூடினால் உறைய நேரமாகும்), ரைசருக்கு வார்ப்பைவிட 1.2 மடங்காவது வேண்டும். அந்தக் கணக்கில் ரைசரைப் பருமனாக்கி, எக்ஸோதெர்மிக் ஸ்லீவ் (தானே சூடு தந்து ரைசர் சீக்கிரம் உறையாமல் காக்கும் உறை) போட்டோம். ரைசர் எட்டாத அடிப்பக்கம் சில் (chill, சூட்டை உறிஞ்சி அந்த இடத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் உலோகத் துண்டு) வைத்தோம். (சில்லில் துரு இருந்தால் வாயு அடிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.)

இப்போது எக்ஸ்ரேயில் அந்த இடம் சுத்தம். ரைசரை வெட்டியெடுக்கத்தான் கேஸ் கூடுதலாகப் போகிறது, முதலாளி முணுமுணுக்கிறார். பிரேக்கர் கோர் (ரைசரைத் தட்டி உடைத்தெடுக்க வசதியாக அதன் கழுத்தைக் குறுக்கும் தகடு) வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.