புதுப்பிப்பு: அத்தானின் கைத்துவக்கு இப்போது சிக்குவதில்லை

போன மாதம் கேட்டிருந்தேனே, டெக்சஸில் இருக்கும் அத்தானின் 9 மில்லிமீற்றர் கைத்துவக்கில் ஹொலோ பொயின்ட் ரவை (நுனியில் குழி உள்ளது, உடலில் பட்டதும் விரியும்) அடிக்கடி சிக்குகிறது என்று. (திருகோணமலையில் இருக்கிற எனக்கேன் அந்தக் கவலை என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் துவக்கைப் பார்ப்பது பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஆமிக்காரர் கையில் மட்டும்தான். ஆனால் அக்கா அந்த வீட்டில் அல்லவா இருக்கிறா!)

பாதிக் குற்றம் ரவையில் இல்லை. ஒரு மகசீனின் (ரவைகளை அடுக்கும் கூடு) ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அதை மாற்றினார். ரவையையும் 124 கிரெயின் (சன்னத்தின் எடை) கோல்ட் டொட் என்ற வேறொரு ஹொலோ பொயின்ட் ரவைக்கு மாற்றி, தினமும் கொண்டுபோகும் மகசீன்களிலேயே 200 சுட்டுப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை.

சாதாரண செப்பு உறை ரவையே போதாதா என்றவர்களுக்கு: அது விரியாது, ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்பவரையும் தாக்கலாம். 1986இல் மயாமியில் கொள்ளையருடன் நடந்த துவக்குச் சண்டைக்குப் பின் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ வகுத்த சோதனையில், தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினுக்குள் 12 முதல் 18 அங்குலம் போனால்தான் நல்ல ரவை.

அப்புறம் எனக்கே புதிதான ஒன்று. இரவில் துவக்கிலிருந்து ரவையைக் கழற்றி, காலையில் அதே ரவையைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் சன்னம் (ரவையின் முனைக் குண்டு) கோதுக்குள் அமிழ்ந்துவிடலாம். அப்படியானால் சுடும்போது அழுத்தம் ஆபத்தாக ஏறலாம். அத்தானிடம் அப்படிக் குட்டையான ரவை ஒன்று இருந்தது. ஒதுக்கிவிட்டார்.