கன்டெய்னருக்குள் ஷெல்லே இல்லை, எப்படி உள்ளே போய்ப் பார்ப்பது?

கேள்வி:
டாக்கர் கம்போஸில் ஜாவா சர்வீஸ் ஒன்று ஓடுகிறது. லாகில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்துகொண்டே இருக்கிறது, கன்டெய்னர் மட்டும் விழாமல் நிற்கிறது. சரி, உள்ளே போய் பிங் அடித்துப் பார்க்கலாம் என்று டாக்கர் எக்ஸெக்கில் பாஷ் கேட்டால் 'எக்ஸிகியூட்டபிள் ஃபைல் நாட் ஃபவுண்ட்' என்கிறது. எஸ்ஹெச் போட்டாலும் அதேதான். இமேஜ் டிஸ்ட்ரோலெஸ், அதாவது ஆப் ஓடத் தேவையானது மட்டும் உள்ள வகை. என்ன செய்யலாம்?

பதில் 1:
ஆல்பைன் இமேஜில் பாஷ் இருக்காது, எஸ்ஹெச்சாவது இருக்கும். டிஸ்ட்ரோலெஸில் அதுவும் கிடையாது. இமேஜுக்குள் இருக்கும் புரோகிராமைத்தான் எக்ஸெக் ஓட்டும், வெளியிலிருந்து எதையும் உள்ளே கொண்டுபோகாது. அதனால் பிஸிபாக்ஸை (அடிப்படைக் கருவிகள் உள்ள சின்ன இமேஜ்) டாக்கர் ரன்னில் தனியாக ஓட்டி, நெட்வொர்க் ஆப்ஷனில் 'கன்டெய்னர்:' போட்டு உங்கள் கன்டெய்னர் பெயரைக் கொடுங்கள். அதே ஐபி, அதே 127.0.0.11 டிஎன்எஸ். அங்கிருந்து பெயர் ஐபியாக மாறுகிறதா என்று பார்க்க என்எஸ்லுக்அப், போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க என்சி, இரண்டும் போதும். பிங் வேண்டாம், பிங் போவதால் போர்ட் திறந்திருக்கிறது என்று ஆகிவிடாது.

ஆனால் ரெஃப்யூஸ்டு என்றாலே பெரும்பாலும் மெஷின் வரை போய்விட்டது, அந்தப் போர்ட்டில் எந்த புரோகிராமும் லிசன் செய்யவில்லை என்றுதான் பொருள். கனெக்‌ஷன் யூஆர்எல்லில் லோக்கல்ஹோஸ்ட் இருக்கிறதா? கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். டாக்கர் இன்ஸ்பெக்ட் போட்டால் என்விரான்மென்ட் வேரியபிள் எல்லாம் வெளியிலிருந்தே தெரியும், முதலில் அதைப் பாருங்கள் நண்பரே.

பதில் 2:
லினக்ஸ் ஹோஸ்டில் ரூட் இருந்தால், கன்டெய்னரின் நேம்ஸ்பேஸுக்குள் (அதற்கெனப் பிரித்த சூழல்) நுழைய என்எஸ்என்டர் கட்டளையும் உண்டு. இன்ஸ்பெக்டில் பிஐடி (புராசஸ் எண்) எடுத்து நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் மட்டும் நுழைந்தால், ஹோஸ்டில் உள்ள எஸ்எஸ், டிசிபிடம்ப் போன்ற நெட்வொர்க் கருவிகள் எல்லாவற்றையும் அங்கே ஓட்டலாம். ஒன்று மட்டும் கவனம்: ஃபைல் சிஸ்டம் ஹோஸ்டுடையதுதான், எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் கான்ஃப் ஃபைலும் ஹோஸ்டுடையதே, அதனால் கம்போஸ் சர்வீஸ் பெயர் ரிசால்வ் ஆகாமல் போகும். அதைப் பார்த்து டிஎன்எஸ்தான் கெட்டுவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள்.

பதில் 3:
குபர்னெட்டிஸில் இதே சிக்கல் வந்தால் கியூப்சிடிஎல் டீபக் கட்டளை. ஓடும் பாடில் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு) எஃபெமரல் கன்டெய்னர், அதாவது தற்காலிகமான ஒன்றை, அது சேர்க்கும். இந்த வசதி குபர்னெட்டிஸ் 1.25-லிருந்து ஸ்டேபிள். சேர்த்ததை மட்டும் தனியாக நீக்க முடியாது, பாடைத்தான் அழிக்க வேண்டும். டெவ் சூழலுக்கு டிஸ்ட்ரோலெஸின் டீபக் டேகும் இருக்கிறது, அதில் பிஸிபாக்ஸ் ஷெல் வரும். புரொடக்‌ஷனில் அதை வைக்கச் சொல்ல மாட்டேன்.

கேட்டவர்:
இன்ஸ்பெக்டிலேயே தெரிந்துவிட்டது. ஹோஸ்ட் பெயர் சரி, போர்ட் 5433 என்று இருக்கிறது. அது வெளியே திறந்துவிட்ட போர்ட், உள்ளே 5432. பிஸிபாக்ஸிலிருந்து என்சி போட்டால் 5432 உடனே போகிறது. கம்போஸ் ஃபைலை மாற்றியாயிற்று, இப்போது கனெக்ட் ஆகிறது.