துன் சம்பந்தன்: தோட்டத்து ஆளுக்கு அவர் செய்தது போதுமா? (மலேசியா, பேராக் சுங்கை சிப்புட்காரங்க வாங்க)

லயத்துப் பையன்:
நம்ம ஊர்ல எந்த மேடை ஏறினாலும் துன் வீ.தி. சம்பந்தன் புகழ்தான். 1955-லிருந்து 1973 வரைக்கும் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சித் தலைவர், 1974 வரைக்கும் அமைச்சர். சரி, ஒண்ணு கேக்குறேன். 1956-ல சுதந்திரம் பேச லண்டனுக்குப் போன குழுவுல ம.இ.கா. ஆள் ஒருத்தர்கூட இல்ல. ரப்பர் பால் வெட்டி இந்த நாட்டுக்குக் காசு சேர்த்துக் கொடுத்த ஜனத்துக்கு அங்க ஒரு நாற்காலி கேட்டு வாங்க முடியலியா?

கங்சார் ரோடு:
தம்பி, அன்றைய கணக்கையும் பாருங்கள். 1955 தேர்தலில் 52 இடங்களில் ம.இ.கா. சேர்ந்திருந்த கூட்டணி 51-ஐப் பிடித்தது. அதில் ம.இ.கா.வுக்கு இரண்டே இடம், ஒன்று சம்பந்தன் நின்று வென்றது. வாக்காளர்களில் சுமார் 84 விழுக்காடு மலாய்க்காரர்கள். இரண்டு பேரை வைத்துக்கொண்டு எவ்வளவு முறுக்கிக்கொள்ள முடியும்? அப்படியும் 1957 ஆகஸ்ட் 31 முதல் இங்கே பிறக்கும் பிள்ளை குடிமகன் என்று அரசியலமைப்பில் வந்தது.

லயத்துப் பையன்:
பிறந்த பிள்ளைக்குச் சரிங்க ஐயா. பெத்தவங்களுக்கு? சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாதவங்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. 1969 கலவரத்துக்கு அப்புறம் குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம்னு பிடிச்சாங்க. ஆயிரக்கணக்கான குடும்பம் பினாங்குல இந்தியாவுக்குப் போற ரஜூலா கப்பல் ஏறிடுச்சு. அப்ப இவர் அமைச்சரவையிலதான் இருந்தார்.

சிப்புட் மருமகள்:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டு எங்கயோ போறீங்க. தோட்டத் துண்டாடல்னு ஒண்ணு நடந்துச்சே, அதைப் பேசுங்க. வெள்ளைக்கார கம்பெனிங்க தோட்டத்தை விக்க ஆரம்பிச்சாங்க. வாங்கினவன் துண்டு துண்டா கூறு போட்டு வித்தான். புது முதலாளிக்கு அத்தனை ஆள் வேண்டாம். வேலை போனா லயத்து வீடும் (தோட்டம் கொடுத்த வரிசை வீடு) போச்சு, அதோட தோட்டத்துப் பள்ளிக்கூடமும் கோயிலும் போச்சு. 1951-லிருந்து 1960 வரைக்கும் நடந்த துண்டாடலைப் பத்திப் பொருளாதார அறிஞர் உங்கு அசீஸ் தனியா ஆய்வே செஞ்சிருக்கார்.

அந்த நேரத்துல, 1960-ல, தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சது யாரு? ஒரு பங்கு 100 வெள்ளி. மாசம் பத்து பத்தா கட்டலாம். அமைச்சரா இருந்த மனுஷன் மனைவி உமாசுந்தரியையும் கூட்டிக்கிட்டு தோட்டம் தோட்டமா போய்ப் பங்கு சேர்த்தார். கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தை முதல்ல வாங்கினாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா. தோட்டத்து ஆளு காசு போட்டுத் தோட்டமே வாங்கலாம்னு அதுக்கு முந்தி யாராவது சொல்லியிருக்காங்களா?

கிராணி மகன்:
அக்கா, வாங்கினது நிஜம். வாங்கின பிறகு என்ன ஆச்சு? சங்கத்துத் தோட்டத்துலயும் விடியக்காலை பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), அதே மண்டோர் (மேஸ்திரி), அதே நாள் சம்பளம். பங்குக்கு லாப ஈவு வந்துச்சு, ஆனா ஒரு ஏக்கராவது அவன் பேருக்கு மாறுச்சா? 1956-ல வந்த அரசாங்க நிலக் குடியேற்றத் திட்டம் ஃபெல்டாவுல குடியேறினவங்களுக்கு நிலமே கிடைச்சுது. கூட்டுறவுன்னு பேர் வச்சாலும் நம்ம ஆளு கூலியாவேதான் இருந்தான். துன் ரப்பர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. நிலத்தைப் பிரிச்சுக் கொடுக்கணும்னு அவருக்குத் தோணாததுல ஆச்சரியம் இல்ல.

சிப்புட் மருமகள்:
ஃபெல்டா அரசாங்கப் பணம், காட்டை அழிச்சுப் போட்ட திட்டம். இது பால் வெட்டுறவன் பத்து வெள்ளி. இரண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க தம்பி. அப்புறம், பிரிச்சுக் கொடுத்திருந்தா அது இன்னொரு துண்டாடல்தானே? மூணு ஏக்கரை வச்சுக்கிட்டு, ரப்பர் விலை விழுந்த வருஷம் அவனும் வித்துட்டுப் போயிருப்பான்.

கிராணி மகன்:
விக்கிற உரிமையாவது அவனுக்கு இருந்திருக்கும்.

ஈப்போ பேரன்:
நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். 1954-ல நம்ம ஊர்ல அவர் தொடங்கின மகாத்மா காந்தி கலாசாலையை யாருமே சொல்லல. நேருவோட தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்து வச்ச பள்ளி. அவருக்கு அப்புறம் ம.இ.கா.வோட சாமிவேலு 1974-லிருந்து 2008 வரைக்கும் இதே தொகுதிக்கு எம்.பி. அவரைப் பத்தித் தனித் திரி போடுங்க, அங்க வந்து சண்டை போடுறேன் 😄

கங்சார் ரோடு:
சாமிவேலுவை இங்கே இழுக்க வேண்டாம், திரி நூறு பக்கம் ஓடும். சம்பந்தனைக் கடைசியில் இறக்கியதும் அவருடைய கட்சிக்காரர்கள்தான். 1973-ல் கட்சித் துணைத் தலைவர் மாணிக்கவாசகம் அணி நெருக்க, பிரதமர் ரசாக் தலையிட்டு வழிவிடச் சொன்னார். கோஷ்டி கட்டி அடித்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். 1979-ல் காலமாகும்போது பெரிய சொத்து எதுவும் மிஞ்சவில்லை என்பார்கள். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை என்று குத்திக்காட்டும் தம்பி அதையும் சேர்த்து எழுதலாமே.

லயத்துப் பையன்:
ஐயா, அவர் காசு சேர்த்தார்னு நான் சொல்லவே இல்ல. பெர்மிட் விஷயத்தைக் கேட்டேன், தாண்டிப் போயிட்டீங்க.

கங்சார் ரோடு:
சரி, நேராகவே சொல்கிறேன். அந்தச் சட்டம் 1968-ல் வந்தது. அமைச்சரவை முடிவுக்கு எல்லாரும் கட்டுப்பட்டவர்கள். அவர் பதவியை வீசிவிட்டு வந்திருந்தால் ரஜூலா நின்றிருக்குமா? கூட்டுறவுச் சங்கத்துக்கு அரசாங்கத்தில் இருந்த ஒரே கதவும் அடைபட்டிருக்கும்.

லயத்துப் பையன்:
கப்பல் நின்றிருக்காதுதான். ஆனா ஒரு அமைச்சர் வெளியே வந்து சத்தம் போட்டிருந்தா, சிவப்பு ஐசிக்காரங்க பிரச்சினையை அப்புறம் வந்த தலைவருங்க தேர்தலுக்குத் தேர்தல் இவ்வளவு லேசா இழுத்தடிச்சிருக்க முடியாது. அந்த விஷயத்துல நான் அவரை விடுறதா இல்ல ஐயா.