தனுஷ்கோடி மக்களைப் பற்றிப் படப்புத்தகம் செய்கிறவர்களுக்கு

பாம்பனிலிருந்து:

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலைப் பற்றிப் புத்தகம் போடுகிறவர்கள் இடிந்த தேவாலயத்தில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அதற்கு ஒரு படம் போதும், அதுவும் உள்ளே எங்காவது. குடியிருக்க லாயக்கில்லை என்று அரசு அறிவித்த மண்ணில் வலை இழுத்து வாழும் குடும்பங்கள்தான் புத்தகம்.

ஊற்றிலிருந்து தொடங்குங்கள். மழைநீர் மணலுக்கடியில் உப்புத்தண்ணீரின் மேலே மிதந்து நிற்கிறது. கையால் கொஞ்சம் பறித்தாலே நல்ல தண்ணீர் கசியும், ஆழம் போனால் உப்பு. அந்தச் சின்னக் குழியை வைத்துத்தான் கரையில் குடியிருக்க முடிகிறது. மொள்ளுகிற கையும் குடத்தின் வாயும் ஒரே படத்தில் வரும்படி விளிம்பில் குந்தி எடுங்கள். நின்று எடுத்தால் தண்ணீரில் வானம் வெள்ளையாக அடிக்கும். லென்ஸின் முன்னால் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டரை மெல்லத் திருப்பினால் அடிமணல் தெரியும்.

வெள்ளை மணலைப் பார்த்துக் கேமரா ஏமாறும். எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கும். கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, +0.7 அல்லது +1 கூட்டுங்கள். முகம் எடுக்கக் காலை 8 மணிக்குள், இல்லையென்றால் ஓலைப் பந்தல் நிழலில். உச்சிவெயிலில் கண்குழி கறுத்து, உழைக்கிற மனுஷர் துக்கத்தில் இருப்பவர்போல் தெரிவார். பொய்யான படம் அப்படித்தான் உருவாகிறது.

கரைவலை இழுக்கும்போது கயிற்றுக்காரர்கள் பின்பக்கமாகவே நடந்து வருவார்கள், வழியில் நிற்காதீர்கள். மீன் சேரும் வலையின் மடி கரையேறும் நேரம் கூட்டம் மொய்க்கும். 28 அல்லது 35 மி.மீ. லென்ஸோடு பக்கவாட்டில் முன்கூட்டியே இடம் பிடித்துவிட வேண்டும். உப்புத்துளி பட்ட லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றுங்கள்.

மண்டபத்திலிருந்து:

பாம்பன் அண்ணன் சொன்ன ஊற்றுப் படத்தோடு வீடுகளில் மாட்டியிருக்கும் பழைய போட்டோக்களும் வேண்டும். ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போனதை உரிக்கவே கூடாது, மேல்பூச்சு கையோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்து இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத்துணி கட்டி எடுங்கள். தனியாக இருக்கும் பாஸ்போர்ட் அளவுப் படத்தை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 14 செ.மீ. அகலம் வரை அச்சிடலாம்.

வருஷத்தை ஒருவர் சொல்லை மட்டும் நம்பிப் போடாதீர்கள். இந்தக் கரை 1955, 1964, 1978 மூன்றிலும் புயல் கண்டது, பெரியவர்கள் நினைவில் ஒன்றோடொன்று கலந்திருக்கும். 1964-ல் ரயில் கடலோடு போனதற்கு முன்பா பின்பா, பிள்ளை பிறந்திருந்ததா என்று கேட்டால் பிடிபடும்.

படத்தடியில் "பாதிக்கப்பட்டவர்" என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கடல்பாசி எடுப்பவர், வலை முடைபவர் என்று தொழிலைப் போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் அவரவர் வரியை அவரவரிடமே வாசித்துக் காட்டி, சம்மதத்தை எழுத்தில் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவர்களிடமே கொடுங்கள். பாசி எடுக்கும் அக்காமார் படம் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா, எந்தத் தீவின் பக்கம் எடுத்தது என்று எழுதினால் அவர்களுக்கு வில்லங்கம் ஆகலாம். ட்ரோன் வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது, எல்லையும் பக்கம்.

சிவகாசியிலிருந்து, அச்சுப் பக்கம்:

ஒரே தாளில் அச்சடித்து மடிக்கிற பக்கக் கட்டுக்குப் பாரம் என்று பேர்; 16 பக்க பாரத்தில் கணக்குப் போடுங்கள், 96 பக்கம் என்றால் ஆறு பாரம். 98 என்று வந்தால் அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனி அச்சுப் பிளேட்டும் தாளும் செலவாகும். 25 செ.மீ. அகலப் படத்துக்குச் சுமார் 2,950 பிக்சல் வேண்டும். இரண்டு பக்கம் விரியும் படத்துக்கு 5,900. 24 மெகாபிக்சல் கேமராவில் வெட்டாமல் வைத்தால்தான் தேறும். விரிபடத்தில் முகம் நடுமடிப்பில் விழக்கூடாது, அங்கே 8 முதல் 10 மி.மீ. உள்ளே போய்விடும்.

பெண்கடல் என்று சொல்லும் பாக் நீரிணைப் பக்கத்து அமைதியான கடலின் பச்சைநீலம் நாலு கலர் மையில் அப்படியே வராது. ஸ்கிரீனைப் பார்த்து ஓகே சொல்லாமல், அச்சிடப்போகும் அதே 170 ஜிஎஸ்எம் கனமுள்ள, பளபளக்காத மேட் தாளில் புரூப், அதாவது மாதிரி அச்சு, கேளுங்கள். பசை மட்டும் போட்ட பைண்டிங் வேண்டாம், கனத்த தாளில் விரித்து விரித்துப் பார்க்க முதுகு விட்டுவிடும். பாரம் பாரமாக நூலால் தைக்கும் செக்‌ஷன் தையல் போடச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தை ஒற்றைக் கறுப்பில் மட்டும் வையுங்கள். நாலு கலர் கலந்த கறுப்பில் பிளேட் இம்மி நகர்ந்தாலும் சுழிகள் அடைத்து, படத்தில் இருப்பவருக்கே தன் பேரைப் படிக்க முடியாது.