புதுப்பிப்பு: ஆன்டிபயாட்டிக் செலவு என்பது மருந்தின் விலை மட்டும் இல்லை

வசதி குறைந்த மருத்துவமனைகளில் ஆன்டிபயாட்டிக் செலவைக் குறைக்க, மலிவாகக் கொள்முதல் செய்வதுதான் வழி என்று இதே இழையில் முன்பு எழுதியிருந்தேன். அது பாதி உண்மைதான். பதில் எழுதிய செவிலியர் ஒருவர் கேட்டார்: "மருந்துக்குக் கணக்குப் போட்டீங்க, அதை ஏத்துற செலவைப் போட்டீங்களா?"

போடவில்லை. ஓர் ஊசி மருந்துக்குப் பின்னால் சிரிஞ்ச், சலைன், கலக்கி ஏற்றும் செவிலியரின் நேரம், ஊசி ஏற்றிய ரத்தக்குழாய் வீங்கினால் அதற்கான வைத்தியம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. மெட்ரோனிடசோல், லினசோலிட் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் மாத்திரையாகக் கொடுத்தாலும் ஏறக்குறைய முழுதாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். நோயாளி தேறி, விழுங்கும் நிலைக்கு வந்ததும் பல தொற்றுகளில் மாத்திரைக்கு மாறலாம். (மூளைக்காய்ச்சல் அப்படியல்ல, அங்கே அவசரப்படக் கூடாது.)

இன்னொரு திருத்தம். கல்ச்சர் பரிசோதனையை (ரத்தம், சிறுநீர் போன்ற மாதிரியில் கிருமியை வளர்த்து எதுவென்று கண்டறிவது) கூடுதல் செலவு என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். கிருமி எதுவென்று தெரியாதபோதுதான் மெரோபெனம் போன்ற, பலவகைக் கிருமிகளையும் தாக்கும் விலை கூடிய மருந்து நாள்கணக்கில் ஓடுகிறது. நிறுத்த ஆதாரம் இல்லாமல் யாரும் நிறுத்தத் துணிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் ஆன்டிபயாட்டிக்குகளை, முதலில் தரக்கூடியவை, கவனமாகத் தர வேண்டியவை, கடைசிக்கு ஒதுக்க வேண்டியவை என்று மூன்று வகையாகப் பிரித்தது. முதல் வகையில் அமாக்ஸிசிலின் போன்ற பழைய, மலிவான மருந்துகளே அதிகம். 2030-க்குள் உலகப் பயன்பாட்டில் 70 சதவீதமாவது அந்த வகையாக இருக்க வேண்டும் என்று 2024-இல் ஐ.நா. பொதுச்சபையில் நாடுகள் ஒப்புக்கொண்டன. ஆனால் அந்த மலிவு மருந்து தீர்ந்துபோன நாளில், அலமாரியில் மிஞ்சியிருக்கும் விலை கூடியதுதான் நோயாளிக்குப் போகிறது.

அடுத்து இருப்புத் தட்டுப்பாடு பற்றி எழுதுகிறேன். உங்கள் வார்டில் எந்த மருந்து அடிக்கடி தீர்கிறது என்று சொல்லுங்கள்.